கழற்றி மாட்டும் வெப்பச் சட்டை: அளவெடுப்பதிலிருந்து மாட்டுவது வரை

மணலி, எண்ணூர் பக்கம் ஏதாவது ஒரு பழைய கொதிகலன் அறைக்குள் நுழைந்து பாருங்கள். நீராவிக் குழாய் நெடுக அலுமினியத் தகடு போர்த்திப் பளபளவென்று போகும். வால்வு வரும் இடத்தில் மட்டும் போர்வை அறுந்துபோய் இரும்பு வெறுமையாக நிற்கும். ஏன் என்று கேட்டால், "போன ஷட் டவுனில் கழற்றினோம், மாட்ட நேரமில்லை" என்பார்கள். கழற்றிய தகடு நசுங்கி மூலையில் கிடக்கும். உள்ளே இருந்த ராக்வூல் பஞ்சைக் காற்று ஏற்கெனவே கொண்டு போயிருக்கும்.

திருவொற்றியூரில் 18 ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். முதலில் தகடு போர்த்தும் லேகிங் வேலை. பிறகு தையல் இயந்திரம் வாங்கிப் போட்டு, வால்வு போன்ற இடங்களுக்குத் துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்து, கழற்றி மாட்டும் ஜாக்கெட் வேலை. எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் 'சட்டை'. இதைத் தொழிற்சாலைப் பராமரிப்புக்காரர்களுக்காகவும், ஜெனரேட்டரும் படகு இன்ஜினும் வைத்திருப்பவர்களுக்காகவும், புதிதாகத் தைக்கக் கற்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். எந்தச் சட்டையானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இரவு ஷிப்டில் தனியாக வேலை பார்க்கும் பிட்டர், டார்ச் வெளிச்சத்தில், பத்தே நிமிடத்தில் இதைத் திரும்ப மாட்டுவாரா? மாட்டமாட்டார் என்றால் எவ்வளவு உயர்ந்த துணியில் தைத்தாலும் அது மூலைக்குத்தான் போகும்.

முதல் படி: எதற்காக மூடுகிறோம்?

எரிபொருளை மிச்சப்படுத்துவது, கை சுடாமல் காப்பது, தீப்பிடிக்காமல் தடுப்பது என்று மூன்று நோக்கங்கள் உண்டு. எந்த நோக்கம் என்பதைப் பொறுத்துத் தடிமன் மாறும். எனவே இதை முடிவுசெய்யாமல் துணியைத் தொடவேண்டாம்.

எரிபொருள் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். 7 பார் அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 170 டிகிரி. அது ஓடும் 100 மி.மீ. குழாயில் 1 மீட்டர் நீளம் வெறுமையாக இருந்தால், காற்று வீசாத அறையிலேயே 900 வாட்டுக்கு மேல் வெப்பம் வீணாகும். 50 மி.மீ. தடிமனில் நன்றாகப் போர்த்தினால் இழப்பு 65 வாட் அளவுக்கு இறங்கும். சட்டையில் மூட்டுகள் இருப்பதால் 100 வாட் என்றே வைத்துக்கொள்வோம். போர்த்தாத ஒரு வால்வு, அதே அளவுள்ள வெறும் குழாய் ஒரு மீட்டருக்குச் சமம் என்பது தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. ஆக ஒரு வால்வில் மிச்சம் 800 வாட். ஆண்டுக்கு 8000 மணி நேரம் ஓடினால் 6400 யூனிட் வெப்பம். 80 சதவீதத் திறனுள்ள கொதிகலனில் அது 700 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பர்னஸ் ஆயில். ஒரே ஒரு வால்வுக்கு! கடற்காற்று நேராக அடிக்கும் திறந்தவெளி என்றால் இன்னும் கூடும். சட்டைக்குக் காசு கேட்கும்போது முதலாளியிடம் இந்தக் கணக்கைத்தான் நீட்டுவேன்.

கை சுடாமல் இருக்க, மேற்பரப்பு 60 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்பது பொதுவான வழக்கம்.

தீக்கு வேறு கணக்கு. கப்பல்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ், எரிபொருள் கசிந்தால் தெறிக்கக்கூடிய, 220 டிகிரிக்கு மேல் சூடாகும் பரப்புகளைக் காப்பிட்டு மூடச் சொல்கிறது. காசிமேட்டு விசைப்படகுகள் அந்த விதிக்குள் வரமாட்டா. ஆனால் அது டீசலுக்குத் தெரியாதே! முழுச் சுமையில் ஓடும் டீசல் இன்ஜினின் புகைக்குழாய் 400 டிகிரியைத் தாண்டும். எரிபொருள் குழாய் அதற்கு ஒரு சாண் தூரத்தில் போகும். அதில் சாக்கைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். டீசலை உறிஞ்சிய சாக்கு விளக்குத் திரிக்குச் சமம்.

இரண்டாம் படி: எதை மூடக்கூடாது?

இதை எல்லோரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். நான் முதலிலேயே பட்டியல் போட்டுவிடுவேன்.

சேஃப்டி வால்வின் ஸ்பிரிங் பகுதியை மூடவேண்டாம். நீராவி டிராப்களில் (நீராவி குளிர்ந்து தண்ணீரானதை மட்டும் வெளியே விடும் கருவி) பல வகை, சூட்டை வெளியே விட்டால்தான் சரியாக வேலை செய்யும். தயாரிப்பாளர் அனுமதிக்காவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள். பம்பின் பேரிங், கிளாண்டு (தண்டு நுழையும் இடத்தில் கசிவைத் தடுக்கும் அடைப்பு), அளவுமானிகள், பெயர்த்தகடு எல்லாம் வெளியே தெரியவேண்டும். டர்போவில் (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) சூடான டர்பைன் பக்கத்துக்கு மட்டுமே சட்டை. நடுவிலுள்ள பேரிங் கூட்டையும் காற்று உறிஞ்சும் கம்ப்ரசர் பக்கத்தையும் மூடினால், சூடு வெளியேற வழியின்றி எண்ணெய் கருகி டர்போவே போய்விடும். பிளாஞ்சை, அதாவது இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பை, மூடும்போது போல்ட்டுகளும் குழாய்க்கு இணையாகச் சூடேறும். போல்ட்டும் கேஸ்கட்டும் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது தெர்மிக் ஃப்ளூயிட், அதாவது சூடான எண்ணெய் ஓடும் வரிசை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலைக்கு இந்த வரிசையின் வால்வுகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தேன். கிளாண்டில் சொட்டுச் சொட்டாகக் கசிந்த எண்ணெய் உள்ளே இருந்த கண்ணாடிப் பஞ்சில் ஊறியிருக்கிறது. பஞ்சின் நுண்ணிய இடைவெளிகளில் பரவிய எண்ணெய் காற்றோடு மெல்ல வினைபுரிந்து தானே சூடேறும். வழக்கமாகத் தீப்பற்றும் வெப்பநிலைக்கு வெகு கீழேயே கனன்றுவிடும். ஒரு நாள் காலையில் புகை வந்தது. நல்லவேளை, பகல் ஷிப்ட். அதன் பிறகு சூடான எண்ணெய் வரிசையில் பிளாஞ்சுக்கும் வால்வுக்கும் பஞ்சு வைத்த சட்டை தைப்பதில்லை. ஆள் தொடாமலிருக்கத் தகட்டுத் தடுப்பு மட்டும் போடச் சொல்கிறேன். வேலை கைவிட்டுப் போனாலும் சரி.

பழைய ஆலைகளிலும் பழைய படகுகளிலும் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் நார்க்கயிறோ பூச்சோ சுற்றியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்த நிலையில் பிய்க்காதீர்கள். பரிசோதித்து, முறையாக அகற்றிய பிறகே நம் வேலை தொடங்கவேண்டும்.

மூன்றாம் படி: சூட்டை அளப்பது

துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அது பளபளப்பான பரப்பில் பொய் சொல்லும். 200 டிகிரியில் இருக்கும் பளிச்சென்ற எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயைப் பாதி சூடுகூட இல்லாததுபோலக் காட்டும். சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட்டை ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டமாகப் பூசி, அந்த இடத்தில் அளந்து பாருங்கள். தொட்டு அளக்கும் தெர்மோகப்பிள் இருந்தால் இன்னும் நல்லது. இன்ஜின் என்றால் முழுச் சுமையில் குறைந்தது அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் அளக்கவேண்டும்.

நான்காம் படி: துணி, பஞ்சு, தடிமன்

சட்டைக்கு மூன்று அடுக்கு: சூட்டைத் தொடும் உள்துணி, நடுவில் பஞ்சு, வெளித்துணி.

உள்துணிக்குச் சாதாரணக் கண்ணாடி இழைத் துணி 450 டிகிரி வரை நம்பிக்கையாக நிற்கும். அட்டவணையில் 540 என்று போட்டிருப்பார்கள். அதிர்வுள்ள இடத்தில் அந்த எண்ணை நம்பவேண்டாம். அதற்கு மேல் சிலிக்கா துணி. 1000 டிகிரிக்கு அருகில்வரை தாங்கும். டர்போ, மேனிபோல்ட் (சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் குழாய்) போன்ற இடங்களில் துணிக்கு வெளியே, இரும்பைத் தொடும் பக்கத்தில், பின்னல் எஸ்.எஸ். கம்பி வலை ஒன்றையும் சேர்த்துத் தைத்தால் துணி உராய்ந்து தேயாது.

வெளித்துணிக்கு சிலிகான் பூசிய கண்ணாடித் துணி. மழை நீர் ஊடுருவாது, எண்ணெய் துடைத்தால் போய்விடும். ஆனால் 260 டிகிரிதான் அதன் எல்லை. விலை கூடிய துணி என்பதால் உள்ளேயும் அதையே வைத்துத் தைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். புகைக்குழாயில் மாட்டிய முதல் நாளே புகைந்து, பூச்சு உதிர்ந்து, வெள்ளைப் பொடியாகிவிடும்.

பஞ்சில் அதிர்வுதான் தீர்ப்புச் சொல்லும். ஆடாமல் நிற்கும் நீராவிக் குழாய்க்கு ராக்வூல் மெத்தை போதும், மலிவு. ஐ.எஸ். 8183 என்ற இந்தியத் தரக்குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதிரும் இன்ஜினில் ராக்வூல் சில மாதங்களில் தூளாகிக் கீழே இறங்கிவிடும். சட்டையின் மேல்பாதி வெறும் துணிப்பையாகத் தொங்கும். அதற்கு ஊசி குத்திப் பின்னிய கண்ணாடி மெத்தைதான் சரி. அதில் ஒட்டுப்பசை கிடையாது. எனவே கருகி நாறுவதும் இல்லை. 600 டிகிரியைத் தாண்டினால் செராமிக் பிளாங்கெட். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால், தேவையில்லாத இடத்தில் அதை நான் வைப்பதில்லை. இடமே இல்லாத இடுக்குகளில் ஏரோஜெல் போர்வை பாதித் தடிமனில் வேலையை முடிக்கும், விலைதான் கண்ணைக் கட்டும்.

தடிமனுக்குத் தோராயம்: 200 டிகிரிக்குள் 25 முதல் 50 மி.மீ., 400 வரை 50 முதல் 75, அதற்கு மேல் 75-க்குக் குறையாமல். இன்ஜின்களில் அவ்வளவு இடம் கிடைக்காது. 450 டிகிரிப் புகைக்குழாய்க்கு 25 மி.மீ. கண்ணாடி மெத்தை வைத்தால் வெளிப்பக்கம் 130, 140 டிகிரிவரை இருக்கும், 50 மி.மீ. வைத்தால் 90-ஐ ஒட்டி நிற்கும். தீயைத் தடுக்க இது போதும், கை வைக்கப் போதாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், "சட்டை போட்டும் சுடுகிறதே" என்று மறுநாளே தொலைபேசி வரும்.

50 மி.மீ. வேண்டுமென்றால் 25 மி.மீ. மெத்தையை இரண்டாக அடுக்குங்கள். ஒன்றின் மூட்டு மற்றதன் மூட்டுக்கு நேராக வரக்கூடாது. செங்கல் அடுக்குவதுபோல மாறி மாறி வரவேண்டும்.

ஐந்தாம் படி: அளவெடுப்பு

இங்கேதான் சட்டை வெல்வதும் தோற்பதும். நல்ல தையல்காரர் ஆளைப் பார்க்காமல் அளவு எடுப்பதில்லை. நாமும் வரைபடத்தை நம்பி வெட்டக்கூடாது. தொடக்கக் காலத்தில் வரைபடத்தைப் பார்த்து 12 வால்வுகளுக்குத் தைத்துக்கொண்டு போனேன். களத்தில் ஐந்து வால்வுகளில் கைச்சக்கரம் பக்கவாட்டில் திரும்பி நின்றது. மேலே பார்த்து நிற்கும் என்று நான் வெட்டிய துளை சுவரைப் பார்த்தது.

இயந்திரம் நின்று, ஆறி, வால்வுகளுக்குப் பூட்டுப் போட்டு, வேலை அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகே நாடாவை எடுங்கள்.

குழாயின் பெயர் அளவை நம்பவேண்டாம். நாலு அங்குலக் குழாய் என்பார்கள். அதன் வெளிவிட்டம் 114.3 மி.மீ., நாலு அங்குலம் அல்ல. உள்துணியின் நீளம் வெளிவிட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் வரும்: 359 மி.மீ. வெளித்துணிக்கு விட்டத்தோடு இரு பக்கத் தடிமனையும் சேர்க்கவேண்டும்: 114.3 கூட்டல் 100, அதை 3.14-ஆல் பெருக்கினால் 673 மி.மீ. இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டினால் வளைக்கும்போது உள்துணி மடிந்து மடிந்து நிற்கும், அல்லது வெளித்துணி எட்டாது. புதியவர்கள் செய்யும் முதல் தவறு இது. தையலுக்கும் மேல்படியும் மடிப்புக்கும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வால்வுக்கும் டர்போவுக்கும் கணக்கு உதவாது. பழைய செய்தித்தாளை இரண்டு மடிப்பாக வைத்துப் பொருளின்மேல் சுற்றி, மடித்து, ஒட்டுத்தாள் போட்டு, பேனாவால் கோடு போட்டு வெட்டி எடுப்பதுதான் வழி. வளைவு கூடிய இடத்தில் தாள் சுருங்கும். சுருங்கும் இடமெல்லாம் ஒரு வெட்டு, துணியில் அங்கே ஒரு தையல். தடிமனுக்கு ஈடாக முதலில் மெத்தைத் துண்டை வைத்துக் கட்டி, அதன்மேல் இன்னொரு தாளைச் சுற்றி வெளித்துணிக்கான அளவை எடுங்கள். ஒவ்வொரு தாளிலும் மேல், கீழ், ஓட்டத் திசை, வால்வு எண் நான்கையும் எழுதுங்கள். பட்டறைக்குப் போனதும் ஞாபகம் இருக்கும் என்ற நினைப்பு பொய்.

எங்கே பிரிப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யவேண்டும். ஏணியில் நின்று ஒருவர் ஒரு கையால் தாங்கும் எடையைவிட ஒரு துண்டு கூடக்கூடாது. எங்கள் பட்டறையில் 10 கிலோதான் உச்சம். திறப்பு ஆள் நிற்கும் பக்கமாக வரட்டும். பிளாஞ்சுக்குப் பக்கத்தில் நிரந்தர லேகிங்கை நிறுத்தும்போது, போல்ட்டின் முழு நீளம் கூட்டல் 25 மி.மீ. இடம் விடவேண்டும், இல்லாவிட்டால் போல்ட்டை உருவவே முடியாது. சட்டையின் ஓரம் பக்கத்து லேகிங்கின்மேல் 50 மி.மீ. ஏறி உட்காரவேண்டும்.

ஆறாம் படி: வெட்டுவதும் தைப்பதும்

முகக்கவசம், முழுக்கைச் சட்டை, கையுறை. கண்ணாடித் தூசி தோலில் பட்டால் சொறியாமல் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வேலை உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் வீட்டிலுள்ளவர்களுக்கும் அரிக்கும். என் மனைவி இதை எனக்கு நன்றாகவே கற்பித்திருக்கிறார்.

கண்ணாடித் துணியின் வெட்டு ஓரம் பிரிந்துகொண்டே போகும். இரண்டு விரல் அகலம் உள்ளே மடித்து, இரட்டைத் தையல் போடுங்கள். நைலான், பாலியஸ்டர், பருத்தி நூல்கள் கூடவே கூடாது. நடுவில் எஸ்.எஸ். கம்பி ஓடும் கண்ணாடி நூல் வாங்குங்கள். ஆரமிட் நூல் வலுவானதுதான். ஆனால் வெயில் நேராகப் படும் இடத்தில் நாளடைவில் வலுவிழக்கும்.

மூன்று பக்கம் தைத்துப் பையாக்கி, மெத்தையை இறுக்கமாக உள்ளே செலுத்தி, நான்காம் பக்கத்தை மூடுங்கள். பிறகு சுமார் 200 மி.மீ. இடைவெளியில் எஸ்.எஸ். ஊசியும் பூட்டு வாஷரும் போட்டு மூன்று அடுக்கையும் ஒன்றாகப் பிணைக்கவேண்டும். தலையணை உறையில் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதைத் தடுக்கத்தான் இது.

கட்டும் முறைக்கு வருவோம். அடிக்கடி திறக்கும் வால்வுக்கு வாரும் பக்கிளும் வைக்கிறேன். அதிரும் இன்ஜினுக்குக் கொக்கி வைத்து எஸ்.எஸ். கம்பியால் பின்னிக் கட்டுவதுதான் நிலைக்கும். ஒட்டுப்பட்டையை (வெல்குரோ) நைலானில் செய்கிறார்கள், சூட்டில் உருகிவிடும். வெளி மடிப்பை அழுத்திப் பிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம். கொக்கி, பக்கிள், வளையம் எதிலும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வேண்டாம். எண்ணூர் கடற்காற்றில் ஜி.ஐ. கொக்கி இரண்டு மழைக்காலம் தாங்குவதே அரிது. எஸ்.எஸ். 304 போடுங்கள், அலைச்சாரல் எட்டும் தூரம் என்றால் 316. பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் எஸ்.எஸ். கம்பியும் சாமான்களும் கிடைக்கும். காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். நன்றாக ஒட்டினால் யோசியுங்கள். ஆனால் இழுத்து முறுக்கிய 304 கம்பி லேசாக ஒட்டத்தான் செய்யும், கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம்.

சட்டையின் அடிப்பகுதியில் நீர் வடிய ஒரு வளையத்துளை வையுங்கள். எண் பொறித்த எஸ்.எஸ். சில்லு ஒன்றையும் தைத்துவிடுங்கள்; பேனாவால் எழுதியது ஒரு வெயிலில் போய்விடும்.

ஏழாம் படி: மாட்டுவது

மாட்டுவதற்கு முன் குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அந்தச் சூட்டுக்கு ஏற்ற பெயின்ட் அடியுங்கள். உள்ளே நுழைந்த ஈரம் வெளியே போகாமல் இரும்பை அரிப்பது இந்தக் கடலோரத்தின் தீராத வியாதி. 175 டிகிரிக்குக் கீழே ஓடும் வரிசைகளிலும், நின்று நின்று ஓடும் வரிசைகளிலும் இது அதிகம். மிகச் சூடான குழாயில் ஈரம் தங்காது. எஸ்.எஸ். குழாய் துருப்பிடிக்காது என்று மெத்தனமாக இருக்கவேண்டாம். உப்பு கலந்த ஈரம் பட்டபடி 60 டிகிரிக்கு மேல் ஓடினால் அது சத்தமில்லாமல் விரிசல் விடும்.

கீழ்த் துண்டை முதலில், மேல் துண்டைப் பிறகு. மேலது கீழதன்மேல் ஓடு வேய்ந்ததுபோலப் படியவேண்டும். படுக்கைக் குழாயில் மூட்டை உச்சியில் விடாதீர்கள், கடிகாரத்தில் நாலு அல்லது எட்டு மணி இருக்கும் இடத்துக்குத் தள்ளுங்கள். இடுக்கு தெரிந்தால் மீந்த மெத்தைத் துண்டைத் திணித்து அடைக்கவேண்டும். பஞ்சு நசுங்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டவும் வேண்டாம். நசுங்கிய பஞ்சு சூட்டைத் தடுக்காது.

முதல் சூட்டில் துணியின் பூச்சு எரிந்து கொஞ்சம் புகையும் நாற்றமும் வரும். சில மணி நேரத்தில் அடங்கும். கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, பணியாளர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்; ஒருமுறை சொல்ல மறந்து தீயணைப்புக் கருவியோடு நான்கு பேர் ஓடிவந்தார்கள். ஆறிய பிறகு வார்களை மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். அடுத்த நாள் ஓட்டத்தில் மூட்டுகள் நெடுக வெப்பமானியை ஓட்டிப் பார்த்தால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

பிறகு

முதல் தடவை மாட்டும்போது நானே மாட்டிக் காட்டுவதில்லை. ஆலையின் பிட்டரிடம் சட்டையைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்பேன். அவர் எந்தத் துண்டைத் தலைகீழாக எடுக்கிறார், எந்தப் பக்கிளுக்குக் கை எட்டவில்லை என்று பார்த்தாலே என் தவறுகள் தெரிந்துவிடும். மணலியில் ஒருவர், "அண்ணே, ஸ்பேனர் பிடித்த கையோடு இந்தப் பக்கிளைப் போட முடியாது, வார் நீளத்தைக் கூட்டுங்கள்" என்றார். அன்றிலிருந்து எல்லா வாரும் ஒரு சாண் கூடுதல்.

கழற்றிய சட்டையைத் தரையில் போடாமல் மாட்டிவைக்கச் சுவரில் எண் போட்ட ஆணி அடித்துக் கொடுங்கள். தரையில் கிடந்தால் அதன்மேல் உட்காருவார்கள். எண்ணெய் ஊறிய சட்டை, வெளியே துடைத்துச் சுத்தமாகத் தெரிந்தாலும், திரும்ப மாட்டத் தகுதியற்றது, குப்பைக்குத்தான். மழையில் நனைந்ததைக் கழற்றிப் பிழிந்து காயவைக்கலாம். நனைந்தபடி விட்டால் அது குழாய்க்குப் போட்ட ஈரத்துணி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, தாழ்வான வரிசைகளின் சட்டைகளைக் கழற்றிக் கழுவி வெயிலில் காயப்போட்டு மறுபடியும் மாட்டினோம். தகடு போர்த்திய லேகிங்கை வெட்டித்தான் எடுக்க முடிந்தது.

ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு சுற்று, மார்கழிக்குப் பிறகு ஒரு சுற்று வாருங்கள். இரண்டாவது சுற்றில் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டைகளைக் கழற்றி அடியிலுள்ள இரும்பைப் பார்த்து, எண்ணோடு பதிவேட்டில் எழுதுங்கள். ஸ்டோரில் பத்து பக்கிளும் ஒரு சுருள் வாரும் எப்போதும் இருக்கட்டும். ஒரு பக்கிள் உடைந்ததற்காக முழுச் சட்டையும் மூலைக்குப் போனதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.